மோரிஸ் கால்சட்டைக் குழி

மேட்டுவீட்டு மோரிஸ் இடுப்பில் பெல்ட்டும் கட்டுவார். அது போதாதென்று கால்சட்டையைத் தூக்கிப் பிடிக்கத் தோளில் பட்டையும் மாட்டுவார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சிறு தேவாலயமான சாப்பலில் மூப்பர்களோடு முன்வரிசையில் உட்கார்ந்தாலும் சரி, கொட்டகையில் ஆட்டுக்குக் குளம்பு சீவினாலும் சரி, இந்த இரட்டைக் காவல் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் கிடையாது. காரணம் கும் ஹிர்வென் பள்ளத்தாக்கில் பால்குடி மறந்த எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும் என்பது மோரிஸுக்கும் தெரியும். ஆகவே யாராவது அவர் இடுப்பைப் பார்த்தால் உடனே மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். எங்கள் ஊரில் மழைக்குப் பஞ்சமே இல்லை.

கதை நடந்து நாற்பத்தைந்து வருஷம் ஆகிறது. அன்றைக்கு அவர் ‘அவர்’ அல்ல, ‘அவன்’, வயது பத்தொன்பது. செப்டம்பர் மாதம், மலையை வளைக்கும் நாள். எட்டு வீட்டு ஆடுகளும் ஒரே மலையில் வேலியில்லாமல் மேய்வதால், எட்டு வீட்டாரும் நாய்களோடு ஒன்றாக ஏறி, நாலு பக்கமும் வளைத்து, ஆடுகளைக் கீழே கல்பட்டிக்கு இறக்கியாக வேண்டும். முந்தின நாள்தான் மோரிஸின் கால்சட்டை முள்கம்பியில் கிழிந்திருந்தது. அப்பாவுடையதை எடுத்து மாட்டிக்கொண்டான். அப்பா மூன்று ஆள் அகலம். கழன்றுவிடாமல் இருக்க இடுப்பைச் சுற்றி, வைக்கோல் கட்டும் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் கயிற்றால் ஒரு முடிச்சு. அந்தக் கயிற்றை நம்பித்தான் எங்கள் பக்கத்தில் கேட்டுகளும், கார் கதவுகளும், ஒன்றிரண்டு குடும்பங்களும் நிற்கின்றன.

கரும்பாறைக்கும் நரி நாற்காலி என்ற பாறைக்கும் நடுவில் ஒரு கிழட்டு ஆடு மூடுபனிக்குள் நழுவப் பார்த்தது. மோரிஸ் குறுக்கே ஓடினான். ஆட்டுக்கு எங்கே கால் வைக்க வேண்டும் என்று தெரியும், மோரிஸுக்குத் தெரியவில்லை. பச்சைப் பாசி மூடிய புதைசேற்றில் இடுப்பு வரை இறங்கிவிட்டான். கேட்டுவீட்டு கிட்டோவும், கிட்டோவின் அப்பாவும், உதவிக்கு வந்திருந்த போதகரும் அக்குளைப் பிடித்து இழுத்தார்கள். சேறு சத்தம் போட்டது. மோரிஸ் வந்தான். கால்சட்டை வரவில்லை.

கிட்டோவின் அப்பா அந்தக் குழியையே கொஞ்ச நேரம் பார்த்தார். "மறுபடியுமா?" என்றார். பிறகு தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மோரிஸ் கால்சட்டைக் குழி! மோரிஸ் கால்சட்டைக் குழி!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். போன வாரம்தான் மோரிஸ் டிராக்டரை ஓடையில் இறக்கியிருந்தான் என்பதால், ‘மறுபடியுமா’ என்றது அதைத்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

போதகர் தன் பேனாக்கத்தியால் ஓர் உரச்சாக்கில் இரண்டு ஓட்டை போட்டுக் கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு மோரிஸ் நாலு மைல் இறங்கினான். கீழே கல்பட்டியில் பெண்கள் தேநீரோடு காத்திருந்தார்கள். அவர்களில் நெஸ்டாவும் இருந்தாள். சனிக்கிழமை நடனத்துக்கு அவளைக் கூப்பிட வேண்டும் என்று மூன்று மாதமாகக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்திருந்தான். நெஸ்டா கேத்தலைக் கல்சுவரின் மேல் பத்திரமாக வைத்தாள். அப்புறம்தான் சிரிக்க ஆரம்பித்தாள். இரண்டு வருஷம் கழித்து அவனையே கட்டிக்கொண்டாள். ஏன் என்று கேட்க மோரிஸுக்கு இன்று வரை தைரியம் வரவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பேர் நிலைத்துவிட்டது. மலை வளைப்பதென்றால் பேர் இல்லாமல் முடியாது. யார் எங்கே நிற்கிறார்கள், ஆடு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதையெல்லாம் பேரைச் சொல்லித்தான் சொல்ல முடியும். முன்பெல்லாம் கத்துவார்கள், இப்போது ஆளுக்கொரு வாக்கி டாக்கி. "மோரிஸ் கால்சட்டைக் குழிக்கு மேல நாலு ஆடு" என்று யாராவது சொன்னால், இன்னொருவர் இருமுவார், மூன்றாமவர் "பெல்ட்டா, பட்டையா?" என்பார். மோரிஸ் மட்டும் அந்தப் பேரைச் சொன்னதே இல்லை. "அந்த ஈரமான இடம்" என்பார். அந்த மலையில் ஈரமான இடம் நாற்பது இருக்கிறது. இதனால் வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஆளும் நாயும் தவறான பக்கம் ஓடி, ஆடுகள் அடுத்த பள்ளத்தாக்குக்குப் போய்ச் சேரும். போனால் போகட்டும் என்பார் மோரிஸ்.

இப்படி இருக்கும்போதுதான் ஹெலெத் வந்தாள். ஊர்ப் பெயர்களைத் திரட்டி வரைபடத்தில் ஏற்றும் திட்டத்துக்காக வந்த பெண். வயலுக்கும் பாறைக்கும் ஓடைக்கும் ஜனங்கள் சொல்லும் பேர்கள், சொல்லுகிறவர்களோடு போய்விடுவதற்கு முன்னால் பதிந்துவிட வேண்டும் என்றாள். வியாழக்கிழமைதோறும் சாயங்காலம் ஐந்து மணிக்கு, சாப்பலின் பின்னறையில், டேபிள் டென்னிஸ் மேஜையில் பெரிய வரைபடத்தை விரித்தார்கள். தேநீரும் பாரா ப்ரித் என்ற உலர்திராட்சை ரொட்டியும் உண்டு என்று தெரிந்ததும் பள்ளத்தாக்கே வந்தது. கையெழுத்து மணிமணியாக இருக்கும், விதி என்றால் உயிர் என்பதால் மோரிஸைச் செயலாளராக்கினார்கள்.

முதல் கூட்டத்திலேயே மோரிஸ் எழுந்து ஒரு விதி போட்டார். "ஜனங்க வாயில என்ன பேர் வருதோ அதுதான் பேர். அழகு பாக்கக் கூடாது, மெருகு போடக் கூடாது, மறைக்கவும் கூடாது. சம்மதமா?" எல்லோரும் கை தூக்கினார்கள். விதி நோட்டில் ஏறியது.

அந்த விதியை வைத்துக்கொண்டு அவர் செய்த ராஜ்ஜியம் கொஞ்சநஞ்சமல்ல. வங்கி மேலாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரின் வயலுக்குச் சோம்பேறி வயல் என்று பேர். அவருடைய தாத்தா அங்கே படுத்துத் தூங்கினாராம்.

"அமைதி வயல்னு போடக் கூடாதா மோரிஸ்? அர்த்தம் ஒண்ணுதானே?"

"உங்க தாத்தா அமைதியா இருந்தாரா, தூங்கினாரா?"

"தூங்கினார்…"

"அப்போ சோம்பேறி வயல். அடுத்தவங்க வாங்க."

இன்னொரு அம்மாள், தன் வீட்டுப் பின்பக்கத்துச் சந்துக்கு வழங்கிய நாறச் சந்து என்ற பேரை எப்படியாவது விட்டுவிடச் சொல்லிக் கண்ணீர் விட்டாள். மோரிஸ் அவளுக்கு ரொட்டி எடுத்துக் கொடுத்து ஆறுதல் சொன்னார். ஆறுதல் சொல்லிக்கொண்டே நாறச் சந்து என்று மையில் எழுதினார்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். ஏப்ரல் மாதம் வயல்களெல்லாம் முடிந்து மலைப் பக்கம் விரிந்தது. மோரிஸ் தானே பேனாவை எடுத்து வேகமாக எழுதினார். பூனைப் பிளவு, மூன்று சகோதரர்கள், கரும்பாறை, நரி நாற்காலி. ஹெலெத் குனிந்து பார்த்தாள்.

"கரும்பாறைக்கும் நரி நாற்காலிக்கும் நடுவுல இவ்வளவு இடம் காலியா இருக்கே. அங்க ஒண்ணுமே இல்லையா?"

பின்னறையில் முப்பது பேர் இருந்தார்கள். முப்பது பேரும் தேநீரைக் கலக்க ஆரம்பித்தார்கள்.

"அது ஒரு… ஈரமான இடம்," என்றார் மோரிஸ்.

"அதுக்குப் பேர் இல்லையா?"

"ஈரமான இடத்துக்கெல்லாம் பேர் வெச்சா ஆயுசு பத்தாதும்மா."

"விதின்னு ஒண்ணு இருந்துச்சே," என்றார் சோம்பேறி வயல்காரர், யாரையும் பார்க்காமல். "மறைக்கக் கூடாதுன்னு."

நாறச் சந்து அம்மாள் தலையை ஆட்டினாள். கிட்டோ உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்; அவர் தோள்கள் மட்டும் குலுங்கின. மோரிஸ் கடிகாரத்தைப் பார்த்து, நேரம் ஆகிவிட்டது, ஜெபம் பண்ணி முடிப்போம் என்றார். மணி ஐந்தரைதான் ஆகியிருந்தது.

அன்றிலிருந்து மோரிஸுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மலையில் எட்டுப் பேர் சொல்லிச் சிரிப்பது வேறு. வரைபடத்தில் ஏறிவிட்டால் அது போன கதையில்லை, நூறு வருஷத்துக் கதை. தன்னைப் பார்த்தே இராத, இன்னும் பிறக்கவே பிறக்காத ஜனங்கள் போனில் அந்த இடத்தைத் தட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். ஒரு மூப்பரின் மானத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? விதியை மாற்றலாம் என்றால் விதி போட்டவரே அவர்தான்.

மே மாதம் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. திட்டத்துக்கு உதவுமே என்று கிட்டோ தன் வீட்டு மரப்பெட்டியைக் குடைந்து, கொள்ளுத் தாத்தா எழுதிய ஆட்டுக் கணக்கு நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். "எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு, என் கண்ணுக்கு ஆகாது. செயலாளர் நீதானே, படிச்சுச் சொல்லு." மோரிஸ் சமையலறை மேஜையில் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தார். எந்த ஆடு எங்கே தொலைந்தது, எங்கே கிடைத்தது என்று பக்கம் பக்கமாக. ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்று, அக்டோபர் மாதம் ஒரு வரி: ‘மோரிஸ் கால்சட்டைக் குழியிலிருந்து இரண்டு ஆடு தூக்கினோம். ஒன்று பிழைத்தது.’

மோரிஸ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். மேஜையைச் சுற்றி ஆடினார் என்றே சொல்ல வேண்டும். பெரோ என்ற அவருடைய நாய் பயந்துபோய் அடுப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

"நெஸ்டா! நெஸ்டா! அது நான் இல்ல! நான் பொறக்கறதுக்கு நூறு வருஷம் முன்னாடியே எவனோ ஒரு மோரிஸ் கால்சட்டைய விட்டிருக்கான்! கிட்டோ அப்பாவுக்கு அது தெரிஞ்சிருக்கு. அதான் ‘மறுபடியுமா’ன்னு கேட்டார். பேர் என்னோடது இல்ல!"

நெஸ்டா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். "ஓ," என்றாள். அடுத்த கிழங்கை எடுத்தாள்.

வியாழக்கிழமை மோரிஸ் அந்த வரியைப் பின்னறையில் எல்லோரும் கேட்க இரண்டு தடவை படித்தார். பிறகு தானே பேனாவை எடுத்து, நாற்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பேரை எழுதினார். யாரோ செத்துப்போன ஒருவனின் கால்சட்டைதானே. ஹெலெத்துக்குக் கொண்டாட்டம். "நூத்தம்பது வருஷம் ஜனங்க வாயிலயே இருந்த பேர்!" என்று குதித்தாள். அவளுடைய படிவத்தில் ‘கதை’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் ‘பழைய காலத்து மோரிஸ் ஒருவர், யாரென்று தெரியவில்லை’ என்று போட்டார்கள்.

"அப்போ உன் கதை எதுவும் வேண்டாமா?" என்று கேட்டார் கிட்டோ.

"என் கதை எதுக்கு? பேர்தான் எனக்கு முன்னாடியே இருந்திருக்கே. விதி விதிதான்."

கிட்டோவின் முகம் சுண்டிவிட்டது. பாவம், அவருக்கு இருந்ததே அந்த ஒரு கதைதான். கல்யாணம், கருமாதி, ஆட்டுச் சந்தை எல்லாவற்றிலும் அதைச் சொல்லித்தான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்.

விட்டது தொல்லை என்று மோரிஸ் ஒரு மாதம் நிமிர்ந்து நடந்தார். கடையில் யாரும் அவர் இடுப்பைப் பார்க்கவில்லை. சந்தையில் யாரும் இருமவில்லை. ஒரு நாள் தைரியமாகப் பெல்ட் மட்டும் கட்டிக்கொண்டு போனார். அதையும் யாரும் கவனிக்கவில்லை. அன்று வீட்டுக்கு வரும்போது ஏதோ ஒன்று குறைவது போல இருந்தது; பட்டை மாட்டாததால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

ஜூலையில் ரோமம் கத்தரிக்க மலையை வளைத்தார்கள். மோரிஸ் முகட்டில் நின்றிருந்தார். வாக்கி டாக்கியில் குரல்கள் வந்தன.

"கரும்பாறைக்குக் கீழ எட்டு."

"மோரிஸ் கால்சட்டைக் குழிக்கு மேல நாலு."

மோரிஸ் காத்திருந்தார். யாரும் இருமவில்லை. ‘பெல்ட்டா, பட்டையா’ என்று யாரும் கேட்கவில்லை. வேறு பள்ளத்தாக்கிலிருந்து ஓடைவீட்டுக்குக் கல்யாணமாகி வந்த மருமகளின் குரல்தான் வந்தது.

"யாரு அந்த மோரிஸ்?"

"யாரோ பழைய காலத்து ஆளும்மா," என்றது கிட்டோவின் குரல், சலிப்போடு. "செத்து நூறு வருஷம் ஆச்சு."

மோரிஸ் வாக்கி டாக்கியைக் கையில் பிடித்தபடி நின்றார். பெரோ அவர் கட்டளைக்காக அவரையே பார்த்தது. அவர் ஒன்றும் சொல்லாததால் பெரோ உட்கார்ந்துவிட்டது. நாலு ஆடும் அடுத்த பள்ளத்தாக்குக்குப் போயின.

அன்று சாயங்காலம் அவர் சமையலறையில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார். நெஸ்டா எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னய்யா, கேட்டது கிடைச்சாச்சு. இப்ப எதுக்கு இந்த மூஞ்சி?"

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. நிலம் அவருக்குப் பிறகு அக்கா மகனுக்குப் போகும். நல்ல பையன், ஆனால் அப்புறம் அவன்தான் மேட்டுவீட்டுக்காரன். வீட்டின் பேர் வீட்டோடு நிற்கும், ஆளின் பேர்தான் போய்விடும். பேர் சொல்ல ஒரு பிள்ளை வேண்டும் என்பார்கள். மோரிஸுக்கு இருந்தது ஒரு குழி. அதையும் அவரே கையெழுத்துப் போட்டு இன்னொருவனுக்குத் தாரை வார்த்துவிட்டார். இதையெல்லாம் அவர் இப்படி வரிசையாகச் சொல்லவில்லை. "அது என் குழி, நெஸ்டா," என்று மட்டும் சொன்னார்.

"நல்லா இருக்கு. நாப்பத்தஞ்சு வருஷம் அதக் கண்டாலே ஓடினது யாரு?"

"அதெல்லாம் தெரியும்."

"உனக்கு ஒண்ணும் தெரியாது." நெஸ்டா கைகளைத் துடைத்துக்கொண்டாள். "அந்த சனிக்கிழமை டான்ஸுக்கு என்னை ரெண்டு பேர் கூப்பிட்டாங்க. ஒருத்தன் தலைவாரி, ஷூ மினுங்க, கையில பூவோட வந்தான். நீ உரச்சாக்குல வந்த. நான் மூச்சுவிட முடியாம சிரிச்சிட்டிருந்தேன். வேற யாரா இருந்தாலும் ஓடியிருப்பான். நீ நின்ன. சாக்கைப் பிடிச்சுக்கிட்டே, ‘சனிக்கிழமை வர்றியா நெஸ்டா’ன்னு கேட்ட. சாக்குல நின்னு கேக்கறவன் எதுக்கும் ஓட மாட்டான்னு நினைச்சேன். நீ என்னடான்னா அந்த இடத்தோட பேரைக் கேட்டாலே ஓடிட்டிருந்த."

மோரிஸ் அவளைப் பார்த்தார். நாற்பத்து மூன்று வருஷமாகக் கேட்காமல் விட்ட கேள்விக்குப் பதில் இவ்வளவுதானா என்று இருந்தது. ரொட்டியை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

ஆகஸ்டில் ஹெலெத் கடைசி வேலையைச் சொன்னாள். மலையில் உள்ள ஒவ்வொரு பேருக்கும் யாராவது அந்த இடத்திலேயே போய் நின்று, போனில் ஒரு குறி போட வேண்டும். அந்தக் குறிதான் வரைபடத்தில் ஏறும். மலை முழுவதையும் தானே பார்த்துக்கொள்வதாக மோரிஸ் சொல்லிவிட்டார். பெல்ட்டும் கட்டினார், பட்டையும் மாட்டினார், பெரோவோடு கிளம்பினார்.

கரும்பாறையில் குறி போட்டார். நரி நாற்காலியில் உட்கார்ந்தே குறி போட்டார். பிறகு குழியின் ஓரத்துக்கு வந்தார். போனில் நீலப் புள்ளி பாசிக்கு ஆறு அடி தள்ளி, நாணல் மேல் காட்டியது. ஊரில் வேறு எவனாக இருந்தாலும் போதும் என்று தட்டிவிட்டுப் போயிருப்பான். விதி போட்ட மனிதர் அல்லவா? குறி குழியில் விழ வேண்டும், ஓரத்தில் அல்ல. அது பத்து நாள் மழை பெய்யாத காலம். எங்கள் ஊருக்கு அது ஒரு தலைமுறைக்கு ஒரு தடவை. பாசி காய்ந்து வெளிறியிருந்தது. ஓர் அடி வைத்தார், தாங்கியது. இரண்டாவதும் தாங்கியது. மூன்றாவதற்கு இடுப்பு வரை போய்விட்டார்.

போனை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். முதலில் குறியைப் போட்டார். சரியாக நடுவில் விழுந்தது. அப்புறம் கிட்டோவைக் கூப்பிட்டார்.

"கிட்டோ, நான் மாட்டிக்கிட்டேன். கயிறு எடுத்துட்டு வா."

"எங்க இருக்க?"

"அந்த… ஈரமான இடத்துல."

கிட்டோவுக்குப் புரியவில்லை என்று நினைக்க வேண்டாம். பேச ஆரம்பித்தபோதே புரிந்துவிட்டது. தன் ஒரே கதை பறிபோய் மூன்று மாதமாகச் செத்துக் கிடந்தவருக்கு உயிர் வந்துகொண்டிருந்தது.

"எந்த ஈரமான இடம் மோரிஸ்? மலையில நாப்பது இருக்கு."

"உனக்குத் தெரியும்டா!"

"தெரியாதே. பேர் இருந்தா சொல்லு. பேருக்குத்தானே இத்தனை நாளா கூட்டம் போட்டோம்?"

சேறு பெல்ட்டைத் தாண்டிக் குளிர்ந்தது. பெரோ ஓரத்தில் உட்கார்ந்து ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மோரிஸ் கால்சட்டைக் குழி!" என்று கத்தினார் மோரிஸ். நோட்டைப் பார்த்துப் படிக்காமல், முதல் தடவையாகத் தானாகவே வாயால் சொன்னார். எதிர் முகட்டில் மோதி அது திரும்பி வந்தது.

"ஓ, அதுவா. எந்த மோரிஸ்? அந்தப் பழைய காலத்து மோரிஸா?"

"என்னோடதுடா! என் குழி! நான்தான் விழுந்தேன், என் கால்சட்டைதான் உள்ள கிடக்கு! உங்கப்பன்தான் சிரிச்சான், நீதான் இழுத்த! அந்தப் பழைய மோரிஸை யாரு பாத்தா? நான் இங்க நின்னுட்டிருக்கேன்டா, இடுப்பு வரைக்கும்!"

"அப்படிச் சொல்லு," என்றார் கிட்டோ. "இதோ வந்துட்டேன்."

ஹெலெத் அப்போது கிட்டோ வீட்டு மேஜையில்தான் உட்கார்ந்து படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள். போன் ஒலிபெருக்கியில் இருந்ததால் எல்லாவற்றையும் கேட்டாள். அவளும் வந்தாள். வழியில் நெஸ்டாவையும் ஏற்றிக்கொண்டார்கள். நாலு சக்கர மலைவண்டியில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை மோரிஸின் அக்குளுக்குள் விட்டு, வண்டியை மெதுவாக நகர்த்தினார்கள். சேறு அதே பழைய சத்தத்தைப் போட்டது. மோரிஸ் வந்தார். பெல்ட்டும் பட்டையும் நாற்பத்தைந்து வருஷத்துச் சம்பளத்துக்கு அன்று ஒரு நாள் வேலை செய்தன, கால்சட்டையும் வந்தது. இடது கால் பூட்ஸ் வரவில்லை.

"பூட்ஸுக்குத் தனியா பேர் வெக்கணுமா?" என்றார் கிட்டோ.

"வாய மூடு," என்றார் மோரிஸ். ஆனால் முகம் மலர்ந்துதான் இருந்தது.

அப்போது நெஸ்டா அவருடைய வலது காலைச் சுட்டிக்காட்டினாள். பூட்ஸில் ஏதோ சுற்றிக்கொண்டு வந்திருந்தது. சேற்றை வழித்துப் பார்த்தார்கள். ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் கயிறு. துணியெல்லாம் குழிக்குள்ளேயே தங்கிவிட்டது. கயிறு மட்டும் நேற்றுக் கட்டியது போலப் பளிச்சென்று, முடிச்சு அவிழாமல் இருந்தது. நெஸ்டா அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தக் கோணல் முடிச்சை உலகத்துல ஒரே ஆளுதான் போடுவான்," என்றாள். அவள் கண்ணில் நீர் வந்தது. சிரிப்பாலா என்றால், முழுக்க அதனால் மட்டும் அல்ல.

ஹெலெத் படிவத்தை நீட்டினாள். "கதைன்னு ஒரு கட்டம் இருக்கு. திருத்தலாமா?"

"மெருகு போடக் கூடாது," என்றார் மோரிஸ்.

"போட மாட்டேன். நீங்களே எழுதுங்க."

மலைவண்டியின் மூடி மேல் காகிதத்தை வைத்து, ஒற்றைக் காலில் பூட்ஸோடு நின்று, அந்த மணிமணியான கையெழுத்தில் எழுதினார்: ‘இந்தக் குழி இரண்டு மோரிஸ்களின் கால்சட்டையை வாங்கியிருக்கிறது. முதல் மோரிஸ் யாரென்று தெரியவில்லை. இரண்டாவது மோரிஸ் மேட்டுவீட்டுக்காரர், இதை எழுதுகிறவர்.’ ஹெலெத் அதற்குக் கீழே கயிற்றைப் படம் எடுத்துச் சேர்த்தாள். சோம்பேறி வயல்காரரும் நாறச் சந்து அம்மாளும் அடுத்த வியாழக்கிழமை அதை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்கள்.

செப்டம்பரில் மறுபடியும் மலையை வளைத்தார்கள். நல்ல மூடுபனி. எட்டு வீட்டாரும் எங்கெங்கோ நின்றிருந்தார்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை.

"ஆடு எங்க இருக்கு? எனக்கு ஒண்ணும் தெரியல," என்று ஓடைவீட்டு மருமகளின் குரல் கேட்டது.

மோரிஸ் வாக்கி டாக்கியை வாய்க்கு அருகில் கொண்டுவந்து பொத்தானை அழுத்தினார்.

"என் கால்சட்டைக்கு மேல ஆறு ஆடு," என்றார். "நேரா வாங்க. ஆனா பாத்து வாங்க."

அப்புறம் மூடுபனிக்குள் எட்டுப் பக்கமிருந்தும் சிரிப்பு வந்தது. யாரோ இருமினார்கள். "பெல்ட்டா, பட்டையா?" என்றது கிட்டோவின் குரல்.

"ரெண்டும்," என்று சொல்லிவிட்டு, மோரிஸ் பெரோவுக்கு விசில் அடித்தார். ஆறு ஆடும் கல்பட்டிக்கு வந்து சேர்ந்தன.